சவுசிக்கு கேட்ட பாலம்

மியெம்பேனி வார்டு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ரயில்வே கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். பணியார அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க பாருங்கடி, காஞ்ச கிழங்கு தின்னிக்கு யாரோ சட்டை மாட்டி அனுப்பியிருக்காங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். பருத்த உடம்பு, தலையில் மஞ்சள் காங்காத் துணி, கையில் பணியாரம் திருப்பும் கம்பி. பேச்சிலேயே கடற்கரை தெரிந்தது. ஸராமோ இனத்துக்காரி. நான் நியாம்வேசி இனம். ஆகவே என்னைத் திட்ட அவளுக்கு உரிமை உண்டு, அவளைத் திட்ட எனக்கும் உண்டு. கோபப்படத்தான் இரண்டு பேருக்கும் உரிமை கிடையாது.

"மேளச் சத்தம் கேட்டா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடற கூட்டம்தானே நீ, தேங்காத் தலையி? கருகுது பாரு, திருப்பு," என்றேன்.

"அட, இது பேசவும் பேசுது! எந்தக் காட்டுலேருந்து வந்திருக்கே?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். பட்டம் வாங்கியதையும், எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான்தான் என்பதையும் கேட்காமலேயே சொன்னேன். இன்றைக்கும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்கள் அப்பா புகையிலைக் காட்டில் முதுகை வளைத்துச் சம்பாதித்துக் கொடுத்த பட்டம் அது.

"அப்படியா, பட்டதாரி? அப்ப உனக்கு மொதப் பணியாரம் இனாம். ரெண்டாவதுக்கு ரெட்டை விலை."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பட்டதாரி. அம்மா வைத்த கபேலா என்ற பெயர் மியெம்பேனியில் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தக் கேலிமுறையை எங்கள் பக்கம் உதானி என்போம். எங்கள் முன்னோர்கள் தந்தமும் மெழுகும் சுமந்து கடற்கரைக்கு நடந்த காலத்தில் ஸராமோக்காரர்கள் வழிமறித்தார்கள், இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. அடிதடி ஓய்ந்து வாய்ச்சண்டை மட்டும் மிஞ்சியது, அதுவே உறவாகிவிட்டது. மச்சானை மச்சான் கிண்டல் செய்வதுபோல ஒரு இனமே இன்னொரு இனத்தைக் கிண்டல் செய்யலாம். பார்த்த இடத்தில் ஏசலாம். கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். பிடுங்கப்பட்டவர் முகம் சுளித்தால் அவமானம் அவருக்குத்தான்.

எங்கள் நகரம் நியாம்வேசி நகரம். தெருத் தலைவரிலிருந்து இறைச்சி வெட்டுகிறவர் வரை எல்லாரும் எங்கள் ஆட்கள். நடுவில் இவள் ஒருத்தி ஸராமோ. அதாவது, ஊர் முழுவதையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகக்கூடிய ஒரே ஆள் சவுசிக்கு என்ற இந்த அக்காதான்.

அவள் இங்கே வந்தது கல்யாணப் பெண்ணாக. ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளை மாற்றும் வேலையில் இருந்த இஸ்ஹாக்கா என்ற எங்கள் ஆள் கடற்கரைப் பக்கம் வேலையாகப் போனபோது, ஒரு கல்யாண வீட்டில் அவருடைய தொப்பியை அவள் பிடுங்கிக்கொண்டாளாம். அதைத் திருப்பி வாங்க மறுநாள் போனவர், அதற்கு மறுநாளும் போயிருக்கிறார். "தொப்பியும் கிடைக்கல, நானும் திரும்பல," என்று அவர் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருப்பதாக ஊரில் பலர் சொல்வார்கள். பிள்ளைகள் தங்கவில்லை. ரயிலில் வரும் தேங்காயை வாங்கி, பால் பிழிந்து, அரிசி மாவில் ஊற்றிப் பணியாரம் சுட ஆரம்பித்தாள். கேட்டுக்கு வடக்கே ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. எந்த ரயிலுக்குப் போகிறவரும் அவள் அடுப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது ஏதாவது வாங்கித்தான் போகவேண்டும், பணியாரமோ திட்டோ.

அந்தத் திட்டுகள் எங்கள் வார்டுக்குச் செய்த நன்மைகளைக் கோப்பு போட்டு எழுதினால் என் மேலதிகாரிகள் நம்பமாட்டார்கள். சந்தைக்குப் பின்னால் குப்பை மலைபோல் குவிந்து கிடந்த நாட்களில், தெருத் தலைவர் நஸோரோவின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் குடிசையில் பூட்டிவிட்டாள்.

"சைக்கிளைக் குடு சவுசிக்கு, கூட்டத்துக்குப் போகணும்."

"நடந்து போ. குப்பை வழியா நடந்து போ. அப்பத்தான் அதோட வாசனை கூட்டத்துல இருக்கறவங்களுக்கும் தெரியும்."

நஸோரோ நகராட்சி வண்டியைக் கூட்டி வந்து குப்பையை அள்ளிய பிறகுதான் சைக்கிள் வெளியே வந்தது. சந்தைக் கழிப்பறைக்குக் கதவு வைக்கச் சொல்லிச் சுகாதார ஆய்வாளருடைய பூட்ஸைப் பிடுங்கி வைத்தாள். அவர் வெறுங்காலோடு அலுவலகம் போனார், மறுநாள் கதவு வந்தது. சாக்கடையில் சாம்பல் கொட்டுகிறவர்களின் பெயரை அடுப்பங்கரையிலிருந்தே பாட்டாகப் பாடுவாள். மானத்துக்குப் பயந்து எல்லாரும் சாக்கடையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒரே ஒரு காரியத்தில் அவளுடைய வாய் பலிக்கவில்லை. அதுதான் பாலம்.

மியெம்பேனிக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் கசிமா ஓடை. கோடையில் ஆடு தாண்டிவிடும். கோடை முடிந்து எங்கள் பக்கம் மாம்பழம் பழுக்கிற மாதத்தில் மழை இறங்கிவிட்டால் ஆள் மட்டத்துக்குப் போகும். முன்பு ஒரு மரப்பாலம் இருந்தது. ஒரு வெள்ளத்தில் அது போய்விட்டது. இந்தக் கரையில் இரண்டு கட்டைகள் மட்டும் மிச்சம்.

அடுத்த மழைக்காலத்தில் இஸ்ஹாக்கா இறந்தார். நான் வருவதற்கு முன்னால் நடந்தது அது. நஸோரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடலைச் சுமக்கும் சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஓடையில் இறங்கியிருக்கிறார்கள். நடு ஓடையில் ஒருவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. சந்தூக் சரிந்து, உடலின் மேல் தண்ணீர் புரண்டது. மரக்கடைக்காரர் காஸ்பார் பாய்ந்து போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்று தாங்கிக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் ஓடையே கொண்டுபோயிருக்கும். கரையில் நின்ற அத்தனை பேரும் சவுசிக்குவைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னாளாம்: "உசிரோட இருந்தப்ப குளிடா குளிடான்னு தலையால தண்ணி குடிச்சேன். இப்பத்தான் குளிச்சிருக்கான்."

கரை முழுக்கச் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. ஈரத் துணியோடுதான் அவரைப் புதைத்தார்கள். அதன் பிறகு அவள் ஊரில் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அந்த ஓடையில்தான் போய் முடியும். "இன்னொருத்தரு அந்தத் தண்ணியில எறங்கக் கூடாது, பட்டதாரி," என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதை மட்டும் கேலி இல்லாமல் சொன்னாள்.

பாலத்துக்காக அவளைவிட அவசரப்பட்ட ஆள் ஒருவர் இருந்தார். நஸோரோவின் தாயார் நியாமிசி. படுத்த படுக்கையாகிவிட்ட கிழவி. "இஸ்ஹாக்காவைக் கண்ணால பாத்துட்டேன். நான் அந்தக் குளிர்ந்த தண்ணியில போகமாட்டேன். பாலம் வர்ற வரைக்கும் சாகறதா இல்ல," என்று மகனிடம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

சவுசிக்கு தினமும் ஒரு பணியாரத்தைப் பிட்டு, பாலில் ஊறவைத்து, அவருக்கு ஊட்டப் போவாள். "எப்படி கெழவி, இன்னும் கெளம்பலையா? உன் சாவுக்குப் பிலாவு சாப்பிடலாம்னு நானும் வயித்தக் காயப்போட்டுக் காத்திருக்கேன்."

"பாலத்தக் கொண்டாடி, தேங்கா திருடி. மறுநாளே போறேன்."

நான் திட்ட அறிக்கை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகராட்சிப் பொறியாளர் அதைப் படித்துப் பாராட்டினார். ஆனால் சாலை என்றால் பட்டியலில் வரும், இடுகாட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை எந்தப் பட்டியலிலும் வராது என்றார். கெட்ட மனிதர் அல்ல. கிளிமஞ்சாரோ பக்கத்து ஆள். அதுதான் சிக்கலே. அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் ஸராமோவுக்கும் எந்தக் கேலிமுறையும் இல்லை. அவர் கேட்டைத் தாண்டும்போது சவுசிக்கு எழுந்து நின்று, "வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா ஐயா," என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் ஏதோ கசப்பு மருந்து குடித்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வாள்.

என் அறிக்கை திரும்பி வந்த அன்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

"உன் ஆபீசுல பட்டத்தக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கியாமே?"

"ஆமா."

"அதைக் கழட்டி ஓடையில குறுக்கப் போடு. ஒருத்தராவது மிதிச்சுத் தாண்டலாம்."

சொன்னவளே ஒரு பணியாரத்தை என் கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை.

மழைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போது காஸ்பார் இறந்துபோனார்.

மரக்கடை காஸ்பாரை மியெம்பேனியில் தெரியாதவர் இல்லை. காதில் பென்சில், தலையில் பழைய பழுப்புத் தொப்பி, எந்த மரத்தைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம். வெளியூரிலிருந்து இளைஞனாக வந்து, இங்கேயே கலுண்டே என்ற எங்கள் பெண்ணைக் கட்டி, எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசி, எங்கள் களியையும் காய்ந்த கிழங்கையும் சாப்பிட்டு வாழ்ந்தவர். சவுசிக்கு அவரை ஒரு நாள் விடாமல் திட்டினாள். அவரும் ஒரு நாள் விடாமல் வாங்கிக்கொண்டு, சட்டியிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவார்.

கிகோமாவிலிருந்து அவருடைய அண்ணன் ரயிலில் வந்து சேரவேண்டும் என்று அடக்கத்தை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக் கேலிமுறைக்காரர் வந்து கலாட்டா செய்யாவிட்டால் அது அனாதைச் சாவு மாதிரி. அழுகிற வீட்டின் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். செத்தவரின் துணியைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடந்து காட்டுவார்கள். சவப்பெட்டிக்குக் குறுக்கே படுத்துக்கொள்வார்கள். வீட்டார் கேட்டதைக் கொடுத்து எழுப்ப வேண்டும், தாண்டிப் போகக் கூடாது.

சவுசிக்கு வந்தாள். காஸ்பாரின் பழுப்புத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள், காதில் பென்சிலைச் செருகினாள். அழுதுகொண்டிருந்த பெண்களின் தலையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது ஈர மரம், விலை போகாது... இது உளுத்தது, அடுப்புக்குத்தான் ஆகும்," என்று அவர் குரலிலேயே சொன்னாள். கலுண்டே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம்தான் அவருக்கு நன்றாக அழுகை வந்தது.

பெட்டி புறப்பட்டு ஓடைக் கரைக்கு வந்தபோது, மிச்சமிருந்த அந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சவுசிக்கு மல்லாந்து படுத்திருந்தாள். தொப்பி வயிற்றின் மேல்.

காஸ்பாரின் மூத்த மகன் ஒரு கோழியை நீட்டினான். "இந்தாங்க அத்தை, எந்திரிங்க."

"கோழியா? உங்கப்பன் வாழ்ந்ததும் கஞ்சன், செத்ததும் கஞ்சனா? ஊரு பூரா வீட்டுக்குக் கூரை போட்டவன் தான் போற வழிக்கு ஒரு பலகை போடலையே! எனக்குப் பாலம் வேணும். பலகை தர்றேன்னு சொல்லு, எந்திரிக்கிறேன். இல்லேன்னா எனக்கும் சேத்து இங்கயே குழி வெட்டு."

கூட்டம் சிரித்தது. நஸோரோ என் விலாவில் இடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடையைப் பார்த்துப் பார்த்து இந்த யோசனையை இவள் அடைகாத்திருக்கிறாள். சாவு வழியில் கேலிமுறைக்காரிக்குக் கொடுத்த வாக்கை எந்த வீடும் மீறாது. மகன் அம்மாவைப் பார்த்தான். கலுண்டே தலையசைக்கப் போனார்.

"யார் இந்தப் பொம்பள?"

கறுப்புக் கோட்டு போட்ட உயரமான கிழவர் முன்னால் வந்தார். காலை ரயிலில் வந்த அண்ணன் டியோனிசி.

"என் தம்பி பெட்டிக்கு முன்னால என்ன கூத்து இது?"

"கேலிமுறைதான் பெரியவரே," என்றார் நஸோரோ. "அவ ஸராமோ. நம்ம ஆளுங்களுக்கும் அவங்களுக்கும்..."

"நம்ம ஆளுங்களா? நாங்க வாஹா! கிகோமாவுக்கு மேல மலை ஊரு எங்களுக்கு. கடற்கரைக்கும் எங்களுக்கும் என்ன முறை இருக்கு? கஞ்சன்னு சொல்றா, குழி வெட்டுங்கறா, செத்தவனோட தொப்பியப் போட்டு ஆடறா. யார் குடுத்த உரிமை இவளுக்கு?"

இத்தனை வருடத்தில் காஸ்பாரிடம் நீ என்ன இனம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. முறையுள்ளவரைத் திட்டினால் அது பாசம். முறையில்லாத ஒருவரைத் திட்டினால், அதுவும் அவர் பெட்டியில் கிடக்கும்போது திட்டினால், அது என்ன என்பதற்கு எங்கள் பேச்சில் நல்ல வார்த்தை இல்லை.

சவுசிக்கு எழுந்தாள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். தொப்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துணியால் துடைத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்குத் தெரியாது," என்றாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் யாரையும் பார்க்காமல் நடந்து போனாள். நாங்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்கிக் காஸ்பாரை அக்கரைக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை நான் கேட்டைத் தாண்டினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க சார். உக்காருங்க சார். எத்தனை வைக்கட்டும்?"

"என்ன தேங்காத் தலையி, புதுசா மரியாதை?" என்று ஆரம்பித்தேன்.

"சூடா இருக்கு சார், பாத்துச் சாப்பிடுங்க."

எல்லாருக்கும் அதே மரியாதை. நஸோரோவுக்கு, இறைச்சிக் கடைக்காரருக்கு, சைக்கிள் டாக்சிக்காரர்களுக்கு, எல்லாருக்கும் சார். யார் யாருக்கு முறை, யாருக்கு இல்லை என்று இனி எப்படித் தெரியும் என்று நஸோரோவிடம் சொன்னாளாம். அவள் வாயை மூடியதும் சாக்கடையில் சாம்பல் திரும்பி வந்தது. கழிப்பறைக் கதவின் கொண்டி உடைந்தது, யாரும் கேட்கவில்லை. நியாமிசி கிழவிக்குப் பணியாரம் ஊட்டப் போவதை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் பேசாமல் ஊட்டிவிட்டு வந்தாள். "இவளே எனக்கு முன்னால போயிடுவா போலிருக்கே," என்று கிழவி அழுதார்.

அண்ணன் டியோனிசி துக்கம் முடியும்வரை தம்பி வீட்டில்தான் இருந்தார். துக்கம் முடிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடினோம். சவுசிக்கு வரவில்லை. சாப்பாடு ஆனபிறகு சொத்து, கடை, கடன் எல்லாம் பேசி முடித்தார்கள். எழுந்திருக்கப் போன நேரத்தில் கலுண்டே, "மூத்தவரே, ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லும்மா."

"அன்னைக்கு ஓடைக்கரையில நீங்க சொன்னது சத்தியம். எனக்கு அது முதல்லேருந்தே தெரியும். கல்யாணமான புதுசுல நானே அவர்கிட்டக் கேட்டேன். 'நீங்க வாஹா, அவ உங்களை எங்க ஆளுன்னு நெனச்சுத் திட்டறா. சொல்லிட வேண்டியதுதானே'ன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'வேண்டாம் கலுண்டே'ன்னாரு. 'நான் இந்த ஊருல ரயிலை விட்டு எறங்கினப்ப எல்லாரும் வாங்க ஐயா, போங்க ஐயான்னாங்க. அந்த ஐயாவுக்கு அர்த்தம் நீ எந்த ஊருக்காரனோங்கறதுதான். ரயில்வே கேட்டுப் பக்கத்துல ஒருத்தி மட்டும் காஞ்ச கிழங்கு தின்னின்னு கூப்பிட்டா. அந்த நிமிஷம்தான் பெட்டியக் கீழ வச்சேன். நான் இன்ன ஆளுன்னு சொன்னா நாளைக்கு அவளும் வணக்கம் சொல்லுவா. எனக்கு அது வேண்டாம்'னாரு. கடைசியா மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தப்பகூட, 'சவுசிக்கு என் தொப்பிய எடுத்துக்குவா, ஒளிச்சு வைக்காதே'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

டியோனிசி வெகுநேரம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவருக்குக் கிகோமா ரயில். நான் அலுவலகத்துக்குப் போகும் வழியில் வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காஸ்பாரின் மகன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, கறுப்புக் கோட்டோடு அவர் வந்தார். சவுசிக்கு சட்டென்று எழுந்து நின்றாள்.

"வணக்கம் ஐயா. உக்காருங்க, தட்டுல வச்சுத் தர்றேன்."

அவர் உட்காரவில்லை. குனிந்து, கொதிக்கிற சட்டியிலிருந்தே விரலால் ஒரு பணியாரத்தைப் பிடுங்கினார். சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதினார். வாயில் போட்டு மென்றார். பிறகு எண்ணெய்க் கையை அவளுடைய காங்காத் துணியின் நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"த்தூ," என்றார். "இதத் தின்னுட்டா என் தம்பி இத்தனை வருஷம் உசிரோட இருந்தான்? மலைக்காரன் ஒடம்பு, அதனால தாங்கியிருக்கான். கடற்கரைக்காரன் அன்னைக்கே செத்திருப்பான்."

சவுசிக்கு அவர் முகத்தையே பார்த்தாள்.

"காசு, ஐயா?" என்றாள். சோதித்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"முறைக்காரன்கிட்டக் காசு கேக்கற ஊரா இது? கலுண்டே எல்லாம் சொன்னா. என் தம்பி உனக்கு முறைன்னா நான் மட்டும் என்ன ரோட்டுல போறவனா, தேங்காத் தலையி?"

அவள் எட்டி அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் பழையபடி திறந்துகொண்டது.

"மலைக் கொரங்கே! தம்பியாவது பணியாரத்தத் தின்னுட்டு வாயத் தொடச்சுக்குவான். நீ என் துணியத் தொட்டுத் தொடைக்கிறே. தொப்பி வேணும்னா பலகையக் குடு."

"குடுக்கறேன். தம்பி பட்டறையில இருக்கற நல்ல முனிங்கா மரப் பலகையா எடுத்துக்கோ, அவன் மகன்கிட்டச் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, அதுமேல மொதல்ல போற பொணம் நீயா இருக்கணும்."

"போறேன். நீதான் வந்து தூக்கணும். ஆனா உங்க கிகோமா ரயில நம்பி நான் எப்படிச் சாவேன்? அது வந்து சேர்றதுக்குள்ள நான் அழுகிப்போயிடுவேனே!"

கேட்டில் நின்ற எல்லாரும், கேட்டை மூடித் திறக்கிறவர் உட்பட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். டியோனிசி தொப்பி இல்லாமலேயே ரயில் ஏறினார்.

பலகை வந்த அன்றைக்கே வேலையும் ஆரம்பித்தது. காஸ்பாரின் மகன்கள் அறுத்தார்கள், இழைத்தார்கள். நஸோரோ வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூப்பிட்டார். வராதவன் வீட்டு வாசலில் சவுசிக்கு போய் நின்று மேளம் அடித்தாள். கிணற்றடிப் பெண்கள் கல் சுமந்தார்கள். அவர்களோடு கூடை கூடையாக நானும் சுமந்தேன். "பட்டதாரி கல்லு தூக்கறான், போட்டோ எடுங்கடா," என்று அவள் கத்தினாள். உண்மையிலேயே யாரோ எடுத்தார்கள். அந்தப் படமும் இப்போது என் அலுவலகச் சுவரில், பட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நடுவில் பொறியாளர் ஒருநாள் வந்தார். அனுமதி வாங்காமல் கட்டியதற்கு என்ன சொல்வாரோ என்று நஸோரோ வெலவெலத்துப் போனார். அவர் குனிந்து, கட்டைகளை ஆட்டிப் பார்த்து, கரையில் காரை போடாவிட்டால் மழைக்கு அரித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே சிமெண்டும் இரும்பு மரையாணிகளும் வந்தன. எந்தப் பட்டியலில் எழுதினாரோ, நான் கேட்கவில்லை.

பார்க்க வந்த அன்று திரும்பும்போது பொறியாளர் அடுப்புக்கு முன்னால் தயங்கி நின்றார். "ஏம்மா, எல்லாரையும் ஏசறீங்க. என்னை மட்டும் ஐயாங்கறீங்க."

"உங்களுக்கு இன்னும் முறை வரல ஐயா. பாலம் ஒரு மழைக்கு நிக்கட்டும், பாக்கலாம். பணியாரத்துக்குக் காசு வச்சிட்டுப் போங்க ஐயா."

மனிதர் முகம் சுருங்கிப் போயிற்று. காசை வைத்துவிட்டுத்தான் போனார்.

மழை வந்தது. ஓடை ஆள் மட்டத்துக்கு ஏறி, பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. பாலம் நின்றது. வெள்ளிக்கிழமை சவுசிக்கு துடைப்பத்தோடு அதில் ஏறி, இஸ்ஹாக்காவின் சமாதியைப் பெருக்கிவிட்டு, நனையாத காலோடு திரும்பினாள். வந்தவள் நேராக நஸோரோ வீட்டுக்குப் போனாள்.

"கெழவி, பாலம் நிக்குது. இனி உனக்குச் சாக்கு கெடையாது."

"கேள்விப்பட்டேன்," என்றார் நியாமிசி. "பலகை ஆடுதா?"

"ஆடல."

"சரி. அந்தப் பணியாரத்தக் குடு."

சொன்ன சொல் தவறாத பெண்மணி. மறுநாளே போகவில்லை, ஆனால் அந்த மழை ஓய்வதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சந்தூக்கை நாங்கள் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்கு வந்தபோது, பாலத்தின் வாயில் சவுசிக்கு நின்றாள். தலையில் டியோனிசியின் தொப்பி. குறுக்கே படுப்பாள் என்று எதிர்பார்த்து நஸோரோ கோழியோடு தயாராக இருந்தார். அவள் கோழியைக்கூடப் பார்க்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். கீழே தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. பலகை மேல் எங்கள் காலடிகள் தட்தட்டென்று விழுந்தன. யாருக்கும் வழுக்கவில்லை.

சந்தூக் தன்னைத் தாண்டும்போது அதன் மரத்தைக் காஸ்பாரைப் போலவே விரலால் தட்டினாள்.

"என் ஆளு குளிச்சிட்டுப் போனான்," என்றாள். "நீ காலு நனையாம போறே. அங்க போயி அவன்கிட்டப் பீத்திக்காத, கெழவி."